பாடகருக்கு எழுதிய பதில்

இலுப்பூர் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருக்கு நாற்பது வயதிருக்கும். கறுப்பு டீ சர்ட்டில் மண்டையோட்டுப் படம், தூங்காத கண்கள். போனில் எதையோ எழுதுவதும் அழிப்பதுமாகவே வந்தார்.

"என்ன தம்பி, மொகமே வாடியிருக்கு?" என்றேன்.

"நான் உசுரா கேக்குற வெளிநாட்டு மெட்டல் பேண்ட்ல, அதாங்க கத்திப் பாடுற ராக் குழு, அதுல பாடுறவரு வெலகிட்டாருங்க. தொண்டை முடியலையாம். அவரு போட்ட அறிவிப்புக்குக் கீழ எல்லாரும் துரோகின்னு எழுதுறாங்க. நானும் திட்டத்தான் ஆரம்பிச்சேன், மனசு வரலை."

கடைசியில் தமிழிலேயே எழுதிக் காட்டினார்: "போயிட்டு வாங்கண்ணே."

"வெள்ளைக்காரருக்கு இது புரியுமா?"

"புரியாதுங்க. வேற எப்படிச் சொல்லி அனுப்புறது?"

எங்கள் பஜனையில் முதலில் பாடிக்கொடுப்பவரும் தொண்டை சரியில்லை, இந்த மார்கழிக்கு என்னை விட்டுவிடுங்கள் என்று கேட்டிருந்தார். சாமி குத்தமாகிவிடும் என்று மிரட்டியவன் நான். முருகா, நெற்றி நிறையத் திருநீறோடு இந்த மண்டையோட்டுச் சட்டைக்காரர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க எனக்குக் கூச்சமாக இருந்தது.