நான்காம் அடியில் ஒரு மைனஸ்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கணக்கில் நான் கெட்டிக்காரி. இதைக் கொஞ்சம் அடக்கமாகச் சொல்லக் கூடாதா என்று அம்மா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். எனக்கு அது வரவில்லை. காலேஜின் முதல் படியான இன்டர்மீடியட்டில் கணக்குப் பிரிவு எடுத்த பெண்கள் எல்லாரும் ஒரே பெஞ்சில் அடங்கிவிடுவோம். பின்னால் இருந்த பையன்களுக்கு எங்களைக் கண்டாலே சிரிப்பு. அல்ஜீப்ராத் தாளைத் திருத்திக் கொடுக்கும் நாளில் மட்டும் சிரிக்க மாட்டார்கள்.

அப்பாவுக்கு மார்த்தாண்டத்தில் ஜவுளிக்கடை. என்னைத் தினமும் பஸ்ஸில் நாகர்கோவிலுக்குப் படிக்க அனுப்பியதற்காகச் சொந்தக்காரர்கள் அவரை வறுத்தெடுத்தார்கள். "பொட்டப்பிள்ளைக்கு எதுக்கு இவ்வளவு படிப்பு?" என்று கேட்காத கல்யாண வீடு கிடையாது. அப்பா கடைசியில் ஒரு தீர்ப்புச் சொன்னார். கணக்கில் முதல் வகுப்பு வந்தால் மேலே பி.ஏ. படிக்கலாம், வராவிட்டால் புதுக்கடை ஊரிலிருந்து பெண் கேட்டுக்கொண்டிருந்த மாப்பிள்ளை. ரொம்ப நல்லவர் என்றார்கள். இருக்கட்டும், நல்லவருக்கு வேறு பெண்ணா கிடைக்காது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அல்ஜீப்ராவும் ட்ரிகனாமெட்ரியும் சேர்ந்த தாள் திங்கட்கிழமை காலையில் வந்து விழுந்தது. வினையே அதுதான். எங்களுடையது கிறிஸ்தவ வீடு; ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாள். அன்று விறகு பிளக்கக் கூடாது, துணி துவைக்கக் கூடாது. அம்மா சனிக்கிழமையே மீன்குழம்பு வைத்து இறக்கிவிடுவாள். கடையைத் திறப்பது இருக்கட்டும், வழியில் மடக்குகிற வியாபாரியிடம் அப்பா விலைகூடப் பேச மாட்டார். பாடப்புத்தகமும் பென்சிலும் அந்த வேலைகளோடு சேர்ந்தவைதான். பரீட்சைக்காவது விலக்கு உண்டா என்று சனிக்கிழமை சாயங்காலம் கேட்டுப் பார்த்தேன்.

"ஆறு நாளு கெடந்துல்லா மக்களே? அதுல படிக்காததையா நாளைக்கு படிக்கப் போற?" என்றார் அப்பா.

ஆறு நாளும் படித்தேன்தான். ஒரே ஒரு சூத்திரம் மட்டும் எனக்கு அடங்காமல் நின்றது. ட்ரிகனாமெட்ரியில் நான்கு சூத்திரங்கள் ஒரு குடும்பமாக வரும்: இரண்டு சைன்களைக் கூட்டினால் என்ன, கழித்தால் என்ன, இரண்டு காஸ்களைக் கூட்டினால் என்ன, கழித்தால் என்ன. முதல் மூன்றுக்கும் விடை 'டூ' என்று நேராகத் தொடங்கும். நான்காவது மட்டும் 'மைனஸ் டூ'. அந்த மைனஸை நான் தவறாமல் விட்டுவிடுவேன். மாதிரித் தேர்விலும் விட்டேன், ஒரு பெரிய கணக்கு முழுவதும் கவிழ்ந்தது. "யானைக்கும் அடி சறுக்கும்" என்று தோழி தேற்றினாள். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பச் சறுக்கினால் அது என்ன யானை? எனக்கு என் மேலேயே ஆத்திரமாக வந்தது.

ஞாயிறு காலை கோயிலில் பிரசங்கம் நீண்டது. சுவரில் அன்றைய பாட்டு எண்களைத் தொங்கவிடும் பலகை எனக்கு நேர் எதிரே இருந்தது. அதற்குமேல் நான் என்ன செய்வேன்? முதல் எண்ணை ஏ என்றும், அடுத்ததை பி என்றும், மூன்றாவதை சி என்றும் வைத்து ஒரு இருபடிச் சமன்பாடு கட்டி, அதன் மூலங்கள் எப்படிப்பட்டவை என்று பார்த்தேன். கற்பனை எண்களாக வந்தன. பென்சில் இல்லாமலே அல்ஜீப்ரா பாதி முடிந்துவிட்டதில் எனக்குப் பரம திருப்தி. பிரசங்கத்தில் என்ன சொன்னார்கள் என்று கேட்டால் மட்டும் மாட்டியிருப்பேன்.

மத்தியானம் பாயில் படுத்திருந்தபோதுதான் யோசனை வந்தது. ஓய்வுநாளில் பாட்டுக்குத் தடை இல்லையே! எங்கள் வீட்டில் ஞாயிறு மாலை ஜெபத்தில் எப்போதும் பாடுகிற ஒரு ஞானப்பாட்டு உண்டு. அதற்கும் நான்கு அடி. முதல் மூன்று அடிகள் நேராக எடுக்கும். நான்காவது அடிக்கு முன்னால் மட்டும் தாளத்துக்கு முந்திக்கொண்டு ஒரு சின்ன எடுப்பு வரும். சூத்திரங்களை அந்த ராகத்தில் போட்டுப் பார்த்தேன். மைனஸை விட்டுப் பாடினால் அந்த எடுப்பு வெறுமையாக நின்று பல்லை இளித்தது. மைனஸைச் சேர்த்தேன். கதவுக்குத் தாழ்ப்பாள் விழுந்த மாதிரி உட்கார்ந்துகொண்டது. சாயங்காலம் வரை உதட்டுக்குள் அதையே பாடிக்கொண்டு கிடந்தேன்.

அது இவ்வளவு ஊறிவிட்டிருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மாலை ஜெபத்தில் பாட்டை எடுத்துக் கொடுப்பது என் பொறுப்பு. அப்பா தலையசைத்தார். நான் கண்ணை மூடி, வாய் நிறையத் தொடங்கினேன்: "சைன் சி பிளஸ் சைன் டி..."

மற்றவர்கள் பழக்கத்தில் சரியான வார்த்தைகளோடு சேர்ந்துகொண்டு, நடுவழியில் தடுமாறி நின்றார்கள். அண்ணன் வாயைப் பொத்தினான். அம்மா முந்தானையை இழுத்து நெற்றிவரை போட்டுக்கொண்டாள். தொலைந்தது, நாளைக்குப் பரீட்சைக்கே அனுப்ப மாட்டார் என்று நினைத்தேன்.

"புஸ்தகத்த தொட்டியா?" என்றார் அப்பா.

"தொடல்லப்பா."

"பென்சில எடுத்தியா?"

"இல்லப்பா. மனசுக்குள்ள பாடிட்டு கெடந்தேன். அறியாம வாயில வந்துட்டு."

அவர் வேதாகமத்தை மூடி மடியில் வைத்தார். "பாடுததுக்கு வெலக்கு ஒண்ணும் இல்ல. முழுசும் பாடு."

நான்கு அடியும் பாடி முடித்தேன்.

"கடைசி அடி எடுக்கும்போ முன்னால என்னமோ சொன்னியே, அது என்ன?"

"மைனஸ் அப்பா. அதத்தான் எப்பவும் விட்டுருவேன்."

"அப்போ அத நல்லா ஊணிப் பாடு" என்றார். இன்னொரு தடவை பாட வைத்துக் கேட்டுவிட்டுத்தான், "இனி ஆண்டவருக்க பாட்ட எடு" என்றார்.

மறுநாள் தாளில் அந்தச் சூத்திரம் வந்திருந்தது. மைனஸைக் குருடனுக்கும் தெரிகிற மாதிரி தடியாகப் போட்டேன். ரிசல்ட் வந்தபோது எனக்கு முதல் வகுப்பு. பின் பெஞ்சில் பாதிப் பேருக்கு வரவில்லை என்பதையும் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை.

அப்பா என்னை ஒரு வார்த்தை புகழவில்லை. அடுத்த ஞாயிறு கோயிலில் அதற்கு நன்றியாக ஸ்தோத்திரக் காணிக்கை வைத்தார். காணிக்கை வைக்கும் வீட்டார் ஒரு பாட்டுக் கேட்கலாம். அவர் கேட்டது எங்கள் மாலைப் பாட்டை. சபை முழுவதும் எழுந்து நின்று பாடியது, என் படிப்பைக் குறை சொன்ன சொந்தக்காரர்களும் சேர்ந்துதான். நானும் ஒழுங்காக உள்ள வார்த்தைகளையே பாடினேன். நான்காவது அடி வந்தபோது ஆண்கள் பக்கம் பார்த்தேன். அப்பா பாட்டுப் புத்தகத்தை மூடிவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த எடுப்பில் அவருடைய உதடுகள் அசைந்தன. அவர் சொன்னது 'மைனஸ்'.