பச்சை குத்திய பேர் அச்சில் இல்லை

கண்ணுங்களா, நம் வீட்டில் இருக்கும் ஒரே புத்தகத்தை, அத்தை வரும்போதெல்லாம் நான் ஏன் துணிகளுக்கு அடியில் தள்ளி வைக்கிறேன் என்று கேட்டீர்கள். வாயால் சொல்ல வரவில்லை. எட்டாவதோடு நின்றவன் நான். தெரிந்தவரை எழுதுகிறேன்.

அது கதைப் புத்தகம் இல்லை. நடந்ததைச் சொல்வது. அடையாற்றங்கரையில் எங்கள் குடிசைகள் இருந்ததை, அவற்றை இடித்துச் சனங்களை ஊருக்கு வெளியே அடுக்கு வீடுகளில் கொண்டுபோய்ப் போட்டதை, மயிலாப்பூர் டீச்சரம்மா ஒருவர் எழுதினார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். என் ஆட்டோவில்தான் போய்வருவார். நம்ம ஊர்க்காரர்களே நம்ம ஊரைப் பற்றி இப்படி எழுதுவார்கள் என்பதே எனக்கு அதுவரை தெரியாது.

அத்தையின் மகனை உங்களுக்கு ஞாபகம் இருக்காது. வீடு மாறிய பிறகும் அவன் அடையாறில் பழைய பள்ளிக்கூடத்துக்கே பஸ் ஏறி வந்துகொண்டிருந்தான். ஒரு காலையில் உள்ளே நிற்க இடமில்லாமல் படிக்கட்டில் தொங்கினான். விழுந்துவிட்டான். அவ்வளவுதான்.

யாரிடமும் அதைப் பேசாத அத்தை, டீச்சரம்மாவிடம் ஒரு மதியம் முழுக்கப் பேசினாள். அவர் செல்போனில் பதிவு செய்துகொண்டார். ஆட்டோவில் திரும்பும்போது, இவங்ககிட்ட மட்டும் ஏன்க்கா சொன்னே என்று கேட்டேன்.

"பேப்பர்ல மாணவன் பலின்னுதானே போட்டான்? புக்குல எம்புள்ள பேரு இருக்கட்டும்டா. நான் போனாலும் அது கீதுல்ல?"

புத்தகம் வந்த அன்றைக்கே நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்துவிட்டாள். தரையில் எதிரே உட்கார்ந்தாள். நான் எழுத்துக் கூட்டிக் கூட்டி வாசித்தேன். அவன் பேர் வரவேண்டிய இடத்தில் வேறு ஒரு பேர் இருந்தது. அத்தையை நிமிர்ந்து பார்த்தேன். அவன் பேரையே சொல்லி மேலே வாசித்தேன். மற்றதெல்லாம் சரியாகத்தான் இருந்தது. அவன் பாதி தின்றுவிட்டுப் போன இட்லிகூட இருந்தது. அத்தை கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"எங்க கீது, காட்டு."

அத்தைக்குப் படிக்கத் தெரியாது. ஒரே ஒரு வார்த்தையின் உருவம் மட்டும் தெரியும். அவன் பிறந்தபோது முன்கையில் பச்சை குத்திக்கொண்ட அவன் பேர். பச்சை குத்திய கையைப் பக்கத்தின் மேல் வைத்து, ஒவ்வொரு வரியாக நகர்த்தினாள். திருப்பி மேலிருந்து நகர்த்தினாள்.

"இல்லியேடா. நீ இன்னாத்த படிச்ச?"

பொய் சொல்ல முடியவில்லை. டீச்சரம்மாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

"இந்த மாதிரி எழுதறச்சே பேரை மாத்திடறதுதான் வழக்கம்ப்பா. நாளைக்கு யாராவது உங்களை வந்து கேள்வி கேட்டுண்டு நிக்கப்படாதோன்னோ? பேரெல்லாம் மாத்தியிருக்குன்னு முதல் பக்கத்துலயே போட்டிருக்கேனே."

"வந்து கேக்கட்டும்மா," என்றாள் அத்தை. "கேட்டா நான் சொல்லிக்கிறேன். என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

டீச்சரம்மா மெதுவாக, "கேக்கணும்னு எனக்குத் தோணலைம்மா. அடுத்த பதிப்பு வந்தா போட்டுடறேன். வருமான்னுதான் தெரியல," என்றார்.

அத்தை எழுந்துவிட்டாள். உங்க அம்மா வைத்த டீ அப்படியே இருந்தது.

"தப்பு பண்ணவன் பேரத்தான்டா மறைப்பாங்க. எம்புள்ள இன்னா பண்ணான்? இஸ்கூலுக்குத்தானே போனான்?"

டீச்சரம்மா மேல் எனக்குக் கோபம் இல்லை. எங்களுக்குக் கெடுதல் வரக்கூடாது என்றுதான் செய்தார். ஆனால் அந்தப் புத்தகத்தைப் படித்தவர்கள் பாராட்டினால், "அது வேற யாரோ புள்ள," என்று சொல்லிவிடுகிறாள் அத்தை. அவனை இரண்டாம் தரம் பறிகொடுத்த மாதிரி ஆகிவிட்டது அவளுக்கு.

சில நாள் கழித்து தி.நகரில் ஒரு சவாரியை இறக்கிவிட்டேன். எதிரே புத்தகக் கடை. கண்ணாடிக்குள் அந்தப் புத்தகம் அடுக்கி இருந்தது. உள்ளே போய் ஒன்றை எடுத்தேன். அந்தப் பக்கத்தைத் தேடிப் பிடித்தேன். சட்டைப் பையில் இருந்த பேனாவால் அச்சடித்த பேரை அடித்துவிட்டு, மேலே அவன் பேரை எழுதினேன். மை காயும்வரை ஊதினேன். பிறகு மூடி, மற்ற புத்தகங்களுக்கு நடுவில் செருகிவிட்டு வெளியே வந்து வண்டியை எடுத்தேன்.