ஒட்டாத செல்லும் சாஃப்ட்னர் போட்ட துணியும்

அன்றும் தட்டில் நிறம் வரவில்லை. மஞ்சளாக ஊற்றிய கரைசல் ஊதாவாக மாற வேண்டும். செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா ஒழுங்காக வேலை செய்தால்தான் அது மாறும். எங்கள் துணியின் மேல் வளர்த்த செல்களில் நிறம் வெளிறிக் கிடந்தது. மூன்றாவது தடவை.

அவிநாசி பக்கம் ஒரு நிட்டிங் கம்பெனியின் லேபில் நான் இன்சார்ஜ். பனியன் துணி ஓட்டிய முதலாளி மருத்துவத் துணியில் இறங்கியிருந்தார். தீக்காயத்தின் மேல் வைக்கும் வலைத்துணி. தோல் செல்கள் அதைப் பிடித்து வளரும். பிறகு துணி உடம்பிலேயே கரைந்துபோகும். மறுநாள் அந்த லாட் ஆஸ்பத்திரிக்குப் போகிறது. நோயாளிகளின் புண்ணில் வைத்துப் பார்க்கப் போகிறார்கள். ரிப்போர்ட்டில் கையெழுத்து என்னுடையது.

முதல் இரண்டு தடவையும் செல் வளர்க்கும் இன்குபேட்டரைத் திட்டினேன். செல் சரியில்லை என்று எல்லாவற்றையும் கொட்டினேன். துணியைச் சந்தேகப்படவே இல்லை. துணி ஊறிய நீரைச் செல் மேல் ஊற்றிப் பார்க்கும் எக்ஸ்ட்ராக்ட் டெஸ்ட் பாஸ் ஆகியிருந்தது. விஷம் இல்லையென்றால் நல்ல துணி என்று நினைத்தேன். முட்டாள்தனம்.

மூன்றாவதைக் கொட்டவில்லை. செல்களை எண்ணினேன். எண்ணிக்கை குறையவில்லை. சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். ஒப்பிட்டுப் பார்க்கத் துணி இல்லாமல் வெறும் பிளாஸ்டிக் தட்டில் வளர்த்தவை காலை நீட்டிப் பரவியிருந்தன. துணியில் இருந்தவை உருண்டை உருண்டையாக, எதையும் பிடிக்காமல் கிடந்தன.

செல் பிடித்து நிற்கும் இடத்திலிருந்து உள்ளே சேதி போகும். மைட்டோகாண்ட்ரியா எவ்வளவு சக்தி தயாரிக்கும், உட்கருவில் எந்த ஜீன் வேலை செய்யும் என்பதையெல்லாம் அந்தச் சேதி மாற்றும். பிடி இல்லையென்றால் அந்தச் சேதி இல்லை. இரண்டாம் தடவை கொட்டும் முன் ஒரு துண்டை ஜீன் டெஸ்டுக்குக் கோவைக்கு அனுப்பியிருந்தேன். வந்த ரிசல்ட்டை அப்போதுதான் பிரித்தேன். புதுத் தோலைக் கட்டும் கொலாஜன் ஜீன் படுத்துவிட்டது. சாவுக்குத் தயாராக்கும் ஜீன்கள் ஏறியிருந்தன.

முதலாளியிடம் போனேன்.

"செல்லு செத்துப்போச்சுங்களா?" என்றார்.

"சாகலீங்க. ஒட்டலீங்க. இப்படியே கெடந்தா செத்துரும்."

"எக்ஸ்ட்ராக்ட் பாஸ்தானுங்களே மேடம்? அதை மட்டும் வெச்சு அனுப்புங்க. மத்தது நாம பாக்கவே இல்லீன்னு இருக்கட்டும்."

"உங்க ஊட்டுப் புள்ளைக்குத் தீக்காயம்னா இதை வெப்பீங்களா?"

"பேச்சு தடிக்குதுங்க மேடம்."

"தடிக்கட்டுங்க. கையெழுத்துப் போட மாட்டேன்."

"அப்ப நாளையிலிருந்து வேற ஆளு கையெழுத்துப் போடுவாங்க."

துணியை எடுத்துக்கொண்டு பினிஷிங் செக்‌ஷனுக்குப் போனேன். அங்கேயே ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். உள்ளே இறங்காமல் முத்தாக நின்றது. துணியை வழவழப்பாக்கும், தண்ணீரையும் ஒட்டவிடாத சாஃப்ட்னர் வேண்டாம் என்று, துணியோடு போகும் புரோகிராம் கார்டில் கொட்டை எழுத்தில் எழுதிக்கொடுத்திருந்தேன்.

"மாஸ்டர், இதுல என்ன போட்டீங்க?"

"ஒண்ணும் போடலீங்க அம்மிணி."

"அப்புறம் தண்ணி ஏனுங்க நிக்குது?"

பினிஷிங் மாஸ்டர் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே துணியைத் தேய்த்துப் பார்த்தார். திருப்பூரில் எல்லோரும் துணியை அப்படித்தான் பார்ப்போம்.

"கொஞ்சூண்டு சிலிக்கான் சாஃப்ட்னர் உட்டனுங்க. அதெல்லாம் போட்டதுல சேத்தியா? சொரசொரன்னு இருந்துச்சு. புண்ணு மேல வெக்கறதுன்னு சொன்னீங்க. பாவம், உறுத்துமேன்னு..."

கத்தினேன். பாவம் பார்த்துத்தான் செய்தார் என்று தெரிந்தும் கத்தினேன். கையில் வழவழப்பாக இருப்பது செல்லுக்குப் பிடிமானம் இல்லாத இடம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. வேண்டாம் என்று எழுதினேனே தவிர, ஏன் வேண்டாம் என்று எழுதவில்லை.

முதலாளியின் மேஜையில் அதே துணியை விரித்துத் தண்ணீர் விட்டேன். ஜீன், மைட்டோகாண்ட்ரியா என்று நான் சொன்னதெல்லாம் அவருக்கு ஏறவில்லை. தண்ணீர் இறங்காத துணி என்றால் என்னவென்று தெரியும். சொட்டை விரலால் தள்ளிப் பார்த்தார். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார்.

"லாட்டு வராதுங்க. எங்க தப்புத்தானுங்க."

சாஃப்ட்னர் இல்லாமல் திரும்ப ஓட்டிய துணியில் செல்கள் பரவின. தட்டு நல்ல ஊதாவானது. முதலாளி பல மாதம் என்னிடம் நேராகப் பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும்.

லேபுக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். செல் சாகவில்லை என்பது பாஸ் ஆகாது. பிடித்து நிற்கிறதா என்று பாருங்கள். ரிசல்ட் பிடிக்கவில்லை என்பதற்காகத் தட்டைக் கொட்டாதீர்கள். மூன்றாவதையும் கொட்டிவிட்டு எக்ஸ்ட்ராக்ட் ரிப்போர்ட்டில் மட்டும் கையெழுத்துப் போட்டிருந்தால், அந்தத் துணி யாரோ ஒருவர் புண்ணின் மேல் இருந்திருக்கும்.