திட்டு வாங்கிய மூடி

அக்கா வீட்டு அடுப்படி ஜன்னலில் ஒரு ரேடியேட்டர் மூடி இருக்கிறது. பித்தளை மூடி. உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர் காய்ந்து வெடித்துவிட்டது. லாரியிலிருந்து கழன்று எத்தனையோ காலமாகிறது. ஆனாலும் கையில் எடுப்பதற்கு முன்னால் இன்றைக்கும் விரல் நுனியால் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன். சுட்டுவிடுமோ என்று ஒரு பயம்.

அது என் மச்சானுடைய லாரி மூடி. மச்சான் என்றால் அக்காவின் புருஷன். கொடைக்கானலுக்கு மேலே, பூம்பாறையிலிருந்து பூண்டும் கேரட்டும் ஏற்றிக்கொண்டு வத்தலக்குண்டுக்கு இறங்குவோம். திரும்பும்போது அரிசியோ உரமோ ஏறும். அவர் ஓட்டுவார், நான் சுமை ஏற்றி இறக்குவேன்.

தை மாதத்தில் எங்கள் ஊரில் புல்லெல்லாம் வெள்ளையாகக் கிடக்கும். ரேடியேட்டரில் தண்ணீர் நின்றால் உறைந்து குழாயைப் பிளந்துவிடும். அதனால் சாயங்காலமே தண்ணீரை வடித்துவிடுவோம். வெள்ளனே எழுந்து அக்கா ஒரு அண்டாவில் தண்ணீர் காய்ச்சுவாள். கொதிக்கவும் கூடாது, குளிர்ந்த இரும்பில் கொதிநீர் பட்டால் விரிசல் விடும். மணிக்கட்டில் ஊற்றிப் பார்த்து, பிள்ளையைக் குளிப்பாட்டும் பதத்தில்தான் கொடுப்பாள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. "எம்புள்ளைக்கு வயிறு நெறஞ்சுச்சா?" என்று வண்டியைக் காட்டிக் கேட்பாள். "ஏப்பமே விட்டுட்டாண்டி" என்பார் மச்சான்.

அந்தத் தண்ணீர்தான் இஞ்சினைச் சுற்றி ஓடிச் சூட்டை வாங்கிக்கொள்ளும். வாங்கிய சூட்டோடு முன்னால் இருக்கும் ரேடியேட்டருக்கு வந்து மெல்லிய குழாய்களில் இறங்கும். எதிர்க்காற்றும் விசிறியும் அந்தச் சூட்டைக் கொண்டுபோய்விடும். ஆறிய தண்ணீர் திரும்பவும் இஞ்சினுக்குப் போகும். மூடி சும்மா மூடிக்கொண்டிருப்பதில்லை. அது அழுத்திப் பிடித்திருக்கும் வரைக்கும் தண்ணீர் எவ்வளவு சூடானாலும் அடங்கிக் கிடக்கும். சூட்டோடு திறந்தால் மொத்தமும் சீறி முகத்துக்கு வரும். மச்சானுக்கு இது தெரியாததல்ல. ஒரு பீடி குடித்து முடித்து, ஈரத்துணி போட்டு அரைத் திருகு திருகி, ஆவி போன பிறகுதான் திறப்பார்.

காலைக் குளிரில் இஞ்சின் லேசில் சூடேறாது. அதனால் மேல்மலை வண்டிகளெல்லாம் முன்பக்கம் ஒரு சாக்கைக் கட்டிக்கொண்டுதான் கிளம்பும். காற்றை மறைப்பதற்கு. பெருமாள்மலையில் டீக்கு நிறுத்தும்போது மச்சான் அதை அவிழ்த்துவிடுவார்.

அன்றைக்கும் அவிழ்த்தார். வத்தலக்குண்டில் சரக்கை இறக்கிவிட்டு, உரம் ஏற்றிக்கொண்டு திரும்பினோம். நல்ல வெயில். பாதி மலை ஏறியதும், அதுவரைக்கும் மலையில் ஒருநாளும் கொதிக்காத வண்டி கொதித்து, கொண்டைஊசி வளைவில் குறுக்காக நின்றுவிட்டது. எங்கும் தண்ணீர் ஒழுகவில்லை, பெல்ட் நன்றாக இருந்தது. பின்னால் ஒரு பஸ் வந்து நின்று ஹாரனை விடாமல் அடித்தது.

"ஏலே, அடுப்பு நல்லா எரியுதே, ஆளுக்கொரு காப்பி போடுறது!" என்று பஸ் டிரைவர் கத்தினார். பஸ்ஸே சிரித்தது.

"இருங்கண்ணே, வெரசா எடுத்துர்றேன்" என்ற மச்சானின் முகம் சிறுத்துவிட்டது. பீடியை எடுக்கவில்லை. துணியையும் தேடவில்லை. நான் தண்ணீர் வாளியோடு வருவதற்குள் மூடியைத் திருகிவிட்டார்.

அந்தச் சீற்றம் இன்னமும் என் காதில் இருக்கிறது. யார் வீட்டிலாவது குக்கர் விசிலடித்தால் எழுந்து வாசலுக்குப் போய்விடுவேன். அவரைத் தூக்கிக்கொண்டு ஓடியது கிண்டல் செய்த அதே டிரைவர்தான். "நாந்தேன் அவசரப்படுத்திட்டேன், நாந்தேன்" என்று புலம்பிக்கொண்டே பஸ்ஸைத் திருப்பி மலையை இறங்கினார்.

மறுநாள் வண்டியை எடுக்கப் போனேன். ஏன் கொதித்தது என்று முன்பக்கக் கம்பிகளுக்கு உள்ளே கையை விட்டுப் பார்த்தால், ரேடியேட்டரை ஒட்டி இன்னொரு சாக்கு இருந்தது. நாலாக மடித்து, ஓரத்தைச் சிவப்பு நூலால் தைத்து, பதவிசாகச் செருகியிருந்தது. அக்காவின் தையல். பனி அதிகம் என்று, எங்களிடம் சொல்லாமல், பிள்ளைக்குப் போர்த்துவது போல வைத்திருக்கிறாள். இறக்கத்தில் இஞ்சினுக்கு வேலை இல்லை, ஒன்றும் தெரியவில்லை. ஏற்றத்தில் காற்றுக்கு வழியில்லாமல் போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் இரண்டு கண்ணிலும் கட்டோடு படுத்திருந்த மச்சானிடம் மெதுவாகச் சொன்னேன். கண் கட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு, "சாக்கு எங்க கெடக்கு?" என்றார்.

"வண்டியிலதான் மச்சான்."

"பள்ளத்துல எறிஞ்சிரு மாப்ள. மூடி கெட்டுப்போச்சுன்னு சொல்லு. அவ காதுக்கு இது போச்சுன்னா, உசுர வச்சுக்கிற மாட்டா."

எறிந்தேன். ஆஸ்பத்திரிக்கு வந்த அக்காவிடம் மூடிதான் கெட்டுப்போச்சு என்றேன். பார்வை திரும்பவில்லை, வண்டி கைமாறியது. மூடியை மட்டும் அக்கா கேட்டு வாங்கி ஜன்னலில் வைத்தாள். அன்றிலிருந்து தினமும் காலையில் அடுப்பு பற்றவைக்கும்போது, "பாவி மூடி, எங்குடியக் கெடுத்த மூடி, நீ வெளங்குவியா?" என்று வைவாள். மச்சான் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்து, முகத்தைக் குரல் வரும் பக்கம் திருப்பிக் கேட்டுக்கொண்டிருப்பார். "நல்லா வையி" என்பார். ஒரு தப்பும் செய்யாத அந்த மூடியைப் பார்க்க எனக்குத்தான் முடியாது. அது என்னையே பார்ப்பது போல இருக்கும்.

போன ஐப்பசியில் மச்சான் காலமானார். அதற்குப் பிறகும் அக்கா வெள்ளனே அண்டாவில் தண்ணீர் காய்ச்சுகிறாள். எந்த வண்டிக்கு என்று நான் கேட்கவில்லை. இந்தத் தையில் ஒரு நாள், வெளியே புல் வெளுத்துக் கிடந்தது. அக்கா வைவாள் என்று காத்திருந்தேன். அவள் வையவில்லை. மூடியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அந்தச் சாக்க நீதானடா எடுத்த?" என்றாள்.

நான் குனிந்து அடுப்பில் விறகைத் தள்ளினேன்.

"வச்சவளுக்குத் தெரியாதா? நீ ஆஸ்பத்திரியில மூடின்னு சொன்னப்பவே தெரியும். எனக்குத் தெரியக் கூடாதுன்னு அந்த மனுசன் அம்புட்டுப் பாடுபட்டாரு. அவரு காதுல விழணும்னுதான் தெனமும் மூடிய வஞ்சேன்."

அண்டாவிலிருந்து ஒரு சொம்பு மோந்தாள். மணிக்கட்டில் கொஞ்சம் ஊற்றிப் பார்த்தாள். பிறகு மூடியின் மேல் மெதுவாக ஊற்றி, முந்தானையால் துடைத்து என்னிடம் நீட்டினாள். அதிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது. வாங்கப் போன என் கை பின்னால் வந்துவிட்டது.

"பிடிடா, சுடாது" என்றாள் அக்கா.