ஏலக்காய் போட்ட கல்யாணக் கேக்

நூர்முகமதுவுக்குச் செங்கல்பட்டு ரயிலடிப் பக்கம் ஒரு சின்ன பேக்கரி. பன் வாங்க வந்தவரிடம், யாருக்குக் காய்ச்சல், எத்தனை நாளாக என்று விசாரித்துவிட்டுத்தான் பொட்டலம் கட்டுவார். பெரம்பூரில் எட்டு வருஷம் அடுப்படியில் நின்று தொழில் படித்தவர். கேக் பிரமாதமாகப் போடுவார் என்று சொல்ல முடியாது, மோசமில்லாமல் போடுவார்.

1976 கோடையில் ரயில்வே கேங்மேன் ஏசுபாதம் கடைக்கு வந்தார். பத்து வருஷப் பழக்கம். இளைய மகள் மார்கரெட் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ், அவளுக்குக் கல்யாணம். மதுராந்தகத்தை ஒட்டிய காலனியில், வீட்டு வாசலில் பந்தல்.

"இன்னா வாசன போடட்டும்? வெனிலா, ரோஸு, பைனாப்பிள், மூணுதான் கீது."

"அவுரு துன்ற மாரி எதுனா போடு பாய்."

"எவுரு?"

அவர் செங்கல்வராயர். ஊர்த்தெருவில் பெரிய வீடு. ஏசுபாதத்தின் அப்பா அவர் நிலத்தில் பாடுபட்டவர். காலனியில் எந்தக் கல்யாணமானாலும் வருவார், நாற்காலியில் உட்காருவார், கோலி சோடாவைத் தன் கண்ணெதிரே உடைக்கச் சொல்லிக் குடிப்பார், போய்விடுவார். மூத்தவள் கல்யாணத்தில் கேக்கை நீட்டியபோது, "முட்டை" என்று கையை மடக்கிக்கொண்டார். இந்தத் தடவை ஒரு வாயாவது அவர் சாப்பிட்டாக வேண்டும். ஏசுபாதத்துக்கு அது போதும்.

நூர்முகமதுவுக்கு ஆவல் பிடித்துக்கொண்டது. ஒரு மனிதர் சாப்பிடாததற்குச் சொல்லும் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டால், மிச்சம் என்ன இருக்கும்?

முட்டையை எடுத்தார். தயிரும் சோடா உப்பும் போட்ட முதல் கேக் கல்லாக வந்தது, இரண்டாவது நடுவில் குழி விழுந்தது, மூன்றாவது தேறியது. டால்டாவுக்குப் பதில் வெண்ணெய். எசென்ஸ் பாட்டில்களை ஏசுபாதத்திடம் நீட்டினார். வெனிலாவை முகர்ந்து, "ஆஸ்பத்திரி வார்டு மாரி கீது" என்றார் அவர். ரோஸ், சாவு வீட்டுப் பன்னீர். பைனாப்பிள், குழந்தைகளின் ஜுர மருந்து.

"அவுங்க வூட்ல பாயசத்துக்கு இன்னா போடுவாங்க?"

"ஏலக்கா."

"அப்ப அதான்."

கல்யாணத்தன்று கடையைப் பூட்டிவிட்டு, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார். பரிமாறுவதும் தானே என்று சொல்லிவிட்டார். கண்ணால் பார்க்காமல் அவருக்கு ஆகாது. மார்கரெட் வெட்டிய துண்டுகளைப் பட்டர் பேப்பரில் மடித்துத் தட்டில் அடுக்கிக்கொண்டு செங்கல்வராயர் முன்னால் போய் நின்றார். பக்கத்தில் ஏசுபாதம்.

"இன்னாடா ஏசுபாதம், முட்டையா?" என்றார் செங்கல்வராயர்.

"இல்லீங்க."

"ரம்மு கிம்மு?"

"பாய் கடைங்க. அதெல்லாம் கெடையாது."

"டால்டா நமக்கு ஒத்துக்காது."

"வெண்ணெங்க," என்றார் நூர்முகமது. "மோந்து பாருங்க."

முகர்ந்தார். முகம் கொஞ்சம் இளகியது. பந்தலில் பேச்சுச் சத்தம் அடங்கியிருந்தது.

"எனக்கு சக்கர கீதுபா. டாக்டர் இனிப்பே தொடாதன்ட்டாரு."

இதை நூர்முகமது நினைக்கவேயில்லை. சர்க்கரை இல்லாமல் கேக் போட எந்த ஊரிலும் அவர் படிக்கவில்லை.

மேடையிலிருந்து மார்கரெட்டின் குரல் வந்தது. "ஐயா, போன மாசம் உங்களுக்கு டெஸ்ட்டு எடுத்தது நாந்தான். ஒண்ணுமில்ல உங்களுக்கு. தைரியமா சாப்டுங்க."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். செங்கல்வராயர் ஓர் ஓரத்தைக் கிள்ளி வாயில் போட்டு மென்றார். மிச்சத்தைப் பேப்பரோடு நாற்காலியில் வைத்துவிட்டு, துண்டை உதறிக்கொண்டு எழுந்து போனார்.

ஏசுபாதம் அந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"துன்ட்டாரு பாய்."

"ஆமா, துன்னாரு."

"சந்தோசமா இருக்கும்னு நெனச்சிகினு இருந்தேன். மாட்டிகினவன் மாரி இல்ல துன்னாரு." நூர்முகமது பக்கம் திரும்பினார். "சரி, நீ வா. எல போட்டாச்சி."

"கடைல வேல கீது நைனா. இன்னொரு நாளு..."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. மூத்தவள் கல்யாணத்துக்கும் பத்திரிகை வந்தது. கேக்கை மட்டும் அனுப்பினார். அன்றைக்கும் கடையில் வேலைதான். கறியை வேண்டாம் என்றால் அது அவர் மார்க்கத்து நியாயம், யாருக்கும் புரியும். ஆனால் பந்தியின் ஒரு பக்கம் வெறும் சாம்பாரும் கூட்டும் வைத்திருப்பதை வந்ததுமே பார்த்திருந்தார். ஊரையெல்லாம் விசாரித்தவர், பத்து வருஷத்தில் இந்த வீட்டில் ஏன் கை நனைக்கவில்லை என்று தன்னை ஒருநாளும் விசாரித்ததில்லை.

"இன்னா வேல?" என்றார் ஏசுபாதம். கிண்டலாகவும் தெரியவில்லை, கோபமாகவும் தெரியவில்லை.

நூர்முகமது செருப்பைக் கழற்றிவிட்டுப் பந்தியில் போய் உட்கார்ந்தார். "கறி வேணாம், அது வேற விசயம். சாம்பார் ஊத்து."

பரிமாறிக்கொண்டிருந்தவர் கையிலிருந்து வாளியை வாங்கிக்கொண்டு ஏசுபாதமே வந்தார். சோற்றைப் பிசைந்து ஒரு வாய் வைத்தார் நூர்முகமது. நிதானமாக மென்றார்.

"உப்பு ஜாஸ்தி," என்றார். "இன்னும் கொஞ்சம் சோறு போடு."