புளித்த மண்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் என் கணவர் லாரி ஓட்டுவதற்காக சவுதிக்குப் போனார். கேரள எல்லைக்குள், பாறசாலைக்குக் கிழக்கே எங்களுக்கு ஒரு சரிவு நிலம் உண்டு. அதை விளை என்போம். பிள்ளைகள் இல்லை. வீட்டில் பேச ஆளில்லாததால் காலையிலேயே விளைக்குப் போய்விடுவேன்.

ஏத்தன் வாழை வை, உரத்துக்குக் குறை வைக்காதே என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். யூரியாவும் பொட்டாஷும் தாராளமாகப் போட்டேன். முதல் குலைகளை என்னால் தனியாகத் தூக்க முடியவில்லை. வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டு போனில் இதைச் சொன்னதும் அவர் சத்தமாகச் சிரித்தார். அதற்காகவே அடுத்த முறை இன்னும் கூட்டிப் போட்டேன்.

மூன்றாவது நடவில் குலை சிறுத்தது. இலை ஓரங்கள் காய்ந்தன. மழைத்தண்ணீர் உள்ளே இறங்காமல் செம்மண்ணை வாரிக்கொண்டு கீழே ஓடியது. முன்பெல்லாம் நான் கொத்தக் கொத்த, புழு பொறுக்க மைனாக்கள் பின்னாலேயே வரும். இப்போது புழுவும் இல்லை, மைனாவும் இல்லை. அக்கம்பக்கத்தில் எல்லாரும் ரப்பர் வைத்துவிட்டதால் பகலில் அங்கே மனிதக் குரலும் கேட்காது. ஒருநாள் மண்வெட்டியைப் போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அழுகைகூட வரவில்லை.

பிறகு ஒரு பையில் மண்ணை அள்ளிக்கொண்டு விவசாய ஆபீசுக்குப் போனேன். சோதனை முடிந்ததும் அங்கிருந்த அதிகாரி மலையாளத்தில் விளக்கினார். தழையோ சாணமோ இல்லாமல் உரத்தை மட்டுமே கொட்டியதில் மண்ணில் புளிப்பு ஏறிவிட்டதாம். சுண்ணாம்பு தூவி, பயறு விதைத்து, பூக்கும் நேரத்தில் அதை வெட்டி மண்ணிலேயே புதைக்கச் சொன்னார்.

போனில் சொன்னபோது கணவருக்குப் பிடிக்கவில்லை.

"பயறு வெதச்சு மண்ணுல பொதைக்கதுக்கா நான் இங்க வெயிலுல கெடக்கேன்? பேசாம ரப்பர் வை."

"மண்ணு செத்துக் கெடக்கு. நீங்க வந்து காலால சவுட்டிப் பாத்தாத்தான் தெரியும்," என்றேன்.

லீவில் வந்தபோது பார்த்தார். பயறும் களையும் முட்டி உயரம் நின்றன. அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் பதில் பேசியிருப்பேன். மேல்பாதியில் ஆள் வைத்து ரப்பர் கன்று நட்டார். கீழ்ப்பாதியைக் காட்டி, "இது நினக்கு," என்றார். லீவு முடிந்து திரும்பிப் போய்விட்டார்.

என் பாதியில் திரும்பத் திரும்பப் பயறு விதைத்துப் புதைத்தேன். மாட்டுச் சாணத்தைச் சுமந்துபோய்ப் போட்டேன். மண் மெதுவாகத்தான் இளகியது. வாழை வைக்கத் துணிவில்லாமல் மரச்சீனி, அதாவது மரவள்ளிக் கம்பு நட்டேன். பிடுங்கியபோது கிழங்கு பெரிதாக இல்லை. ஆனால் ஒரு கொதியிலேயே மாவாக வெந்தது. சூடாக ஒரு பாத்திரத்தில் எடுத்துக்கொண்டு போன் உள்ள வீட்டுக்குப் போனேன். அந்த வீட்டு அக்கா தின்றுபார்த்து, "நல்லா வெந்திருக்கே மக்கா," என்றார்.

அன்று சவுதியிலிருந்து அவர் கூப்பிட்டபோது கிழங்கைப் பற்றித்தான் முதலில் சொன்னேன். சரி என்றவர், ரப்பர் கன்றெல்லாம் நன்றாக வளர்கிறதா என்று கேட்டார். வளர்கிறது என்றேன்.