ஸ்டுபிட் ஹாப்பி

தாம்பரத்தில் செங்கல்பட்டு மின்சார ரயில் நின்றுகொண்டே இருக்கிறது. வெளியே தூறல். எதிர்ப் பிளாட்பாரம் பாதி கரைந்து, தண்ணீருக்குள் கிடக்கும் ஊர் போலத் தெரிகிறது. நானும் பாதித் தூக்கத்தில்தான் இருக்கிறேன்.

பக்கத்து இருக்கைப் பெண் செல்போனை என் முகத்துக்கு நேரே நீட்டுகிறாள். கழுத்தில் மறைமலை நகர் கம்பெனி ஒன்றின் அடையாள அட்டை.

"இன்னாக்கா இது, திட்டா? என்னைப் பொண்ணு பார்த்துட்டுப் போனவரு. நேத்து நான் ஓகே சொன்னேன். இப்ப இப்படி அனுப்பியிருக்காரு."

'ஐ ஆம் ஸ்டுபிட் ஹாப்பி' என்றிருக்கிறது.

"ஸ்டுபிட்டுன்னா யாரு, நானா? அப்படின்னா இப்பவே வேணாம்னு சொல்லிடுவேன்."

எனக்குத் தூக்கம் போய்விடுகிறது. இந்த மாதிரிச் சொற்கள் என்றால் எனக்கு உயிர்.

"ஐயோ, திட்டு இல்லப்பா! ஸ்டுபிட்டுன்னா இங்க 'ரொம்ப'ன்னு அர்த்தம், கொஞ்சம் விளையாட்டா. நாம 'பயங்கர அழகு'ன்னு சொல்றோமே, அதைக் கேட்டு யாராவது பயப்படுறாங்களா?"

"அப்போ... பயங்கர சந்தோஷமா?"

"அதுக்கும் மேல. லூசு புடிச்ச மாதிரி சந்தோஷம்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பி மழையைப் பார்த்துச் சிரிக்கிறாள். ரயில் எப்போது நகர்ந்தது என்றே தெரியவில்லை. பிறகு ஒவ்வோர் எழுத்தாகத் தட்டுகிறாள்: 'மீ ஆல்சோ ஸ்டுபிட்.'

ஹாப்பியை விட்டுவிட்டாளே! நான் வாயைத் திறப்பதற்குள் அனுப்பிவிடுகிறாள். அந்தப் பக்கம் அவர் ஏதோ எழுதிக்கொண்டிருப்பதாகத் திரை காட்டுகிறது. அவள் போனை மடியில் கவிழ்த்து, இரண்டு கைகளாலும் பொத்திக்கொள்கிறாள்.